கேமராவோடு முதல் மாசாய் மாரா: கிளம்பும் முன்னும் வண்டிக்குள்ளும்

ஆப்பிரிக்காவுக்குப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். 600 மி.மீ. வாங்கட்டுமா, 400 போதுமா? இரண்டு முறை கென்யா போய்வந்த பிறகு நான் அவர்களைத் திருப்பிக் கேட்கும் கேள்வி வேறு. வண்டியை ஓட்டப் போகிறவர் யார்? அந்த வண்டியில் உங்களோடு எத்தனை பேர்? இந்த இரண்டுக்கும் பதில் சரியாக அமைந்துவிட்டால், வாடகைக்கு எடுத்த பழைய லென்ஸிலும் நல்ல படம் கிடைக்கும். அமையாவிட்டால் லட்சக்கணக்கில் செலவழித்த லென்ஸை வைத்துக்கொண்டு அடுத்த வண்டியின் பின்பக்கத்தைத்தான் எடுத்து வருவீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் கென்யாவின் மாசாய் மாராவை வைத்து. முதல் முறை போகிறவருக்கு அதைவிடத் தோதான காடு எனக்குத் தெரியாது. காடு என்கிறேனே தவிர, அது பெரும்பாலும் புல்வெளி. காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கி.மீ. தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டி தொடங்குகிறது, நடுவில் வேலி கிடையாது. கண்ணுக்கெட்டும்வரை வெட்டவெளியாக இருப்பதால் விலங்கு எதிரே வந்தாலும் விலகிப் போனாலும் தெரியும். நம் ஊர்க் காடுகளில் புதருக்குள் வால் மட்டும் தெரிந்து மறைந்த புலிக்காக அரைநாள் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்தத் திறந்தவெளியே முதல் ஆச்சரியம்.

பெயர் விஷயத்தில் ஒரு சிறு தெளிவு. சிறுத்தை என்று நான் எழுதுவது மரத்தில் ஏறிப் படுக்கும் லெப்பர்டை. வெட்டவெளியில் விரட்டி ஓடும் சீட்டாவுக்குத் தமிழில் சிவிங்கி என்று தனிப்பெயரே இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கிக்குள் ஒளிந்திருப்பதும் அதே சிவிங்கிதான். இரண்டையும் சிறுத்தை என்றே எழுதிவிட்டால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

எந்த மாதம், எத்தனை நாள்

ஜூலையிலிருந்து அக்டோபர்வரை செரெங்கெட்டியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்களும் (மாடு போன்ற தோற்றமுள்ள பெரிய மானினம்) அவற்றோடு பெருங்கூட்டமாக வரிக்குதிரைகளும் வடக்கே மாராவுக்குள் வருகின்றன. முதலைகள் கிடக்கும் மாரா ஆற்றைக் கூட்டம் கூட்டமாகக் கடக்கும் அந்தக் காட்சி இந்த மாதங்களில்தான். வண்டிகள் அதிகமாக வருவதும், கட்டணம் உச்சத்துக்குப் போவதும் இதே மாதங்களில்தான். 2024ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரியிலிருந்து ஜூன்வரை ஒரு நாளுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர்வரை 200 டாலர் என்று காப்பக நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டு செல்லுபடியாவது காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணிவரை மட்டுமே. ஐந்து நாள் தங்கினால் நுழைவுக்கு மட்டும் எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பார்த்துவிட்டு மாதத்தை முடிவு செய்யுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறும். பதிவு செய்யும்போது நடப்பு நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறைக்கு ஜனவரி, பிப்ரவரியைத்தான் நான் சொல்வேன். நவம்பரை ஒட்டிப் பெய்யும் சிறுமழை முடிந்து புல் பச்சையாக இருக்கும், வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருக்கும், ஆற்றங்கரையில் முண்டியடிக்கும் வண்டிகள் இருக்காது. சிங்கமும் சிவிங்கியும் சிறுத்தையும் மாராவை விட்டு எங்கும் போவதில்லை, வருடம் முழுவதும் அங்கேதான். ஏப்ரல், மே பெருமழைக் காலம். மாராவின் பல பகுதிகள் கரிசல் மண். மழையில் கரிசல் எப்படி ஆகும் என்று கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகூடப் புதைந்து நிற்கும்.

குறைந்தது நான்கு இரவுகளாவது ஒரே இடத்தில் தங்குங்கள். பத்து நாளில் மாரா, நகுரு, அம்போசெலி, நைவாஷா என்று சுற்றிக் காட்டும் பயணத் திட்டங்கள் பார்வையாளர்களுக்கானவை. படம் எடுக்கிறவருக்கு நேற்றுப் பார்த்த சிங்கக் கூட்டம் இன்று எங்கே இருக்கும் என்று தெரிந்திருப்பதுதான் பலம். ஒரே இடத்தில் தங்கினால்தான் அது கைகூடும்.

வழிகாட்டியும் வண்டியும்

புகைப்படச் சஃபாரி என்று விளம்பரம் வரும். அதில் இரண்டு பேர் இருப்பார்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒருவர் நம் ஊரிலிருந்து குழுவை அழைத்துப் போகும் புகைப்படக்காரர். கேமராவில் சந்தேகம் கேட்டால் சொல்லித்தருவார். இன்னொருவர் அந்த மண்ணின் ஓட்டுநர்-வழிகாட்டி. விலங்கைக் கண்டுபிடிப்பதும், வெளிச்சம் பார்த்து வண்டியை நிறுத்துவதும் அவர்தான். விளம்பரத்தில் முதலாமவரின் படம் பெரிதாக இருக்கும், இரண்டாமவரின் பெயர்கூட இருக்காது. நீங்கள் விசாரிக்க வேண்டியது இரண்டாமவரைப் பற்றி.

கென்யாவில் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் சான்று தருகிறார்கள். உங்கள் வண்டியை ஓட்டுகிறவர் எந்த நிலை, புகைப்படக்காரர்களோடு எத்தனை ஆண்டு பழக்கம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல நிறுவனம் மகிழ்ச்சியாகப் பதில் சொல்லும். வெள்ளிச் சான்று பெற்ற ஒருவர் அமைந்தாலே உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து இருக்கை. ஒரு வண்டிக்கு மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு முழு வரிசை. இதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஜன்னல் இருக்கை உறுதி என்று சொன்னால் ஏமாந்துவிடக் கூடாது. விலங்கு ஜன்னல் பார்த்து வருவதில்லை. வலப்பக்கம் சிங்கம் என்றால் இடப்பக்க ஜன்னல்காரர் என்ன செய்வார்? என் முதல் பயணத்தில் இதைக் கேட்காமல் விட்டேன். கூரை தூக்கும் வேனில் ஆறு பேர். சிறுத்தை ஒன்று இம்பாலா மானை மரத்துக்கு இழுத்துப் போகும்போது கூரைத் திறப்பில் ஆறு தலைகள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்குப் பசி வந்துவிட்டது, விடுதிக்குத் திரும்பிவிட்டோம். அவர்கள்மேல் தப்பில்லை, அவர்கள் பார்க்க வந்தவர்கள். நான் ஏறியதுதான் தப்பான வண்டி.

லேண்ட் க்ரூஸராக இருந்தால் நல்லது. பக்கவாட்டுத் தடுப்பை மடித்து இறக்கிவிடுகிற, புகைப்படக்காரர்களுக்கென்றே மாற்றிய வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. விலங்கின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்க முடியும். லென்ஸைத் தாங்க பீன் பேக் தருவார்களா என்று கேளுங்கள். தராவிட்டால் வெறும் பையை மட்டும் மடித்து எடுத்துப் போய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். முக்காலி வண்டிக்குள் எதற்கும் ஆகாது.

காப்பகத்தைச் சுற்றி மாரா நார்த், ஓலாரே மோடோரோகி, நபோய்ஷோ போன்ற கன்சர்வன்சிகள் இருக்கின்றன. மாசாய்க் குடும்பங்கள் தங்கள் நிலத்தை வன உயிர்களுக்காகக் குத்தகைக்கு விட்டு வாடகை பெறும் இடங்கள் இவை. அங்கே தங்குகிறவர்களின் வண்டிகள் மட்டுமே ஓடும். தடத்தை விட்டு இறங்கி ஓட்டவும் இரவில் சுற்றவும் அனுமதி உண்டு. காப்பகத்துக்குள் இவை கிடையாது. செலவு கூடும். ஆனால் பணம் எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால், லென்ஸில் மிச்சம் பிடித்து கன்சர்வன்சியில் இரண்டு இரவு கூடுதலாகத் தங்குங்கள் என்பேன்.

காகிதங்களும் தடுப்பூசியும்

இதில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து இந்தியா திரும்பும்போது தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். ஊசி போட்டு பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் பாஸ்போர்ட்டோடு போங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயது தாண்டியவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வையுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அதே மருத்துவரிடமே கேட்டுவிடலாம்.

கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி. இணையத்தில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும். இந்தியாவிலிருந்து கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் கேமரா, லென்ஸ் வரிசை எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது அங்கே வாங்கிய பொருளா என்ற கேள்வி வராது. ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பையில் என்ன

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழியே ஐந்தாறு மணி நேரம், பிளவுப் பள்ளத்தாக்கைத் தாண்டி நாரோக் ஊர் வழியாக. வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குள். ஆனால் சிறு விமானத்தில் கைப்பையும் சேர்த்துப் பொதுவாக 15 கிலோதான், அதுவும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி கூடாது, துணிப்பையாக இருக்க வேண்டும். கேமரா சாமானே 8 கிலோ வந்துவிடும். துணியைக் குறையுங்கள், முகாம்களில் துவைத்துத் தருவார்கள்.

இரண்டு கேமரா உடல்கள் வேண்டும். ஒன்று பழுதானால் என்பதற்காக மட்டும் இல்லை, தூசிக்காக. ஓடும் வண்டியில் லென்ஸ் மாற்றினால் சென்சார் அன்றைக்கே வீணாகும். ஒன்றில் 100-400 அல்லது 150-600 மி.மீ. லென்ஸ், இன்னொன்றில் 24-105 அல்லது 70-200. இரண்டாவது உடல் இல்லையென்றால் நண்பரிடம் இரவல் வாங்குங்கள், வாடகைக்கு எடுங்கள். கூடவே ஒரு பெரிய பருத்தித் துண்டு. வண்டி ஓடும்போது மடியில் கேமராவை வைத்து மேலே துண்டைப் போர்த்திவிட்டால் போதும். ஆயிரக்கணக்கில் விற்கிற மழையுறைகளைவிட அது எனக்கு உதவியது.

பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். மின்செருகி சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் அதே மூன்று பட்டை முனை வகை, அடாப்டர் எடுத்துப் போங்கள். பல முகாம்களில் சில மணி நேரம்தான் மின்சாரம். ஆகவே நான்கு பேட்டரிகளாவது இருக்கட்டும். பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் கென்யாவில் தடை, அதனால் சாமான்களைத் துணிப்பைகளில் கட்டுங்கள்.

உடையில் மூன்று விஷயம். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். விடியற்காலையில் திறந்த வண்டியில் ஊட்டிக் குளிர் அடிக்கும், ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வேண்டும். கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சி ஈக்களை அவை இழுக்கும், கடித்தால் வலி தாங்காது. ராணுவ உடை போன்ற பச்சைத் திட்டுத்திட்டான துணி அறவே கூடாது. கென்யாவில் அதைச் சாதாரண மக்கள் அணியச் சட்டத்தில் தடை.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. சப்பாத்தி கென்யாக்காரர்களுக்கும் சப்பாத்திதான், சாயாவும் அவர்களுக்குச் சாய்தான். சைவம் என்று முன்பே சொல்லிவிட்டால் முகாம்களில் தனியாகச் சமைத்துத் தருகிறார்கள்.

வீட்டிலேயே பழகிவிடுங்கள்

கிளம்ப ஒரு மாதம் முன்பிருந்தே வாரம் இரண்டு காலை கேமராவோடு வெளியே போங்கள். பள்ளிக்கரணையில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பீன் பேக் வைத்துப் பறவைகளை எடுங்கள். தெருநாய் உங்களை நோக்கி ஓடி வருவதைத் தெளிவாக எடுக்க முடிந்தால் சிவிங்கியையும் எடுக்க முடியும். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே ஷட்டர் வேகத்தையும் ஒளி ஈட்டையும் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) மாற்ற விரல் பழக வேண்டும். அங்கே போய்க் கையேடு புரட்ட நேரம் இருக்காது.

நான் வைத்துக்கொள்ளும் அமைப்பைச் சொல்கிறேன். மேனுவல் முறை, ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ. மட்டும் தானியங்கி. துளையை (அபெர்ச்சர்) லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. ஷட்டர் வேகம் நடக்கும் விலங்குக்கு 1/1000, ஓட்டத்துக்கும் பறவைக்கும் 1/2500க்குக் குறையாமல், படுத்துக் கிடக்கும் சிங்கத்துக்கு 1/400 போதும். தொடர் குவியம் (கன்டினியூவஸ் ஃபோகஸ்), விலங்குக் கண் கண்டறிதல் இருந்தால் அது. உயர்ந்த புல்லுக்குள் கண் கண்டறிதல் புல்லைப் பிடித்துக்கொண்டு அலையும். அப்போது சிறிய ஒற்றைப் புள்ளிக்கு மாற ஒரு பொத்தானை முன்பே ஒதுக்கி வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 6400 ஆகிறதே என்று ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். புள்ளிபுள்ளியான இரைச்சலை இப்போதைய மென்பொருள்கள் துடைத்துவிடுகின்றன, கலங்கிய கண்ணை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. காட்டெருமையும் யானையும் சட்டகத்தை நிறைத்தால் கேமரா தானாகவே வெளுக்க வைக்கும், ஒளி ஈட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். வெளிறிய வானத்தின் முன் நிற்கும் ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு படி மேலே.

ஒரு விடியல்

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் என்பதால் சூரியன் செங்குத்தாக ஏறும். ஆறரையை ஒட்டி உதயம், எட்டரைக்கெல்லாம் வெளிச்சம் முரடாகிவிடும். ஆகவே 5 மணிக்கு எழுந்து, டீயைக் குடித்து, 6 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். காலை உணவைக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிடத் திரும்பினால் அந்த நாளின் நல்ல வெளிச்சத்தில் பாதி போய்விடும்.

என் இரண்டாம் பயணத்தின் மூன்றாம் நாள். எங்கள் வழிகாட்டி ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார். பைனாகுலரை எடுத்தார். ஐந்து நிமிடம் எதுவும் பேசவில்லை. வண்டிகளெல்லாம் ரேடியோவில் சிங்கம் என்று கேட்டு ஆற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. "அங்கே டோபி மான்களைப் பாருங்கள்" என்றார். பத்துப் பன்னிரண்டு மான்கள், அத்தனையும் ஒரே திசையைப் பார்த்தபடி, காதுகூட அசையாமல். மேய்கிற மான்கள் அப்படி நிற்காது. அவை பார்த்த திசைக்கு அவர் நேராகப் போகவில்லை. பெரிதாக வளைத்துச் சுற்றி, சூரியன் எங்கள் முதுகுக்கு வரும்படி ஒரு தடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் புல்லும் ஒரு கரையான் புற்றும் தவிர ஒன்றுமில்லை.

பத்து நிமிடம் கழித்துப் புல்லிலிருந்து முதலில் ஒரு தலை. பிறகு தாய்ச் சிவிங்கி புற்றின்மேல் ஏறி உட்கார்ந்தது. கண்ணின் உள்மூலையிலிருந்து வாய்வரை ஓடும் கறுப்புக் கோடு ஈரம் காயாததுபோல் மின்னியது. அதன் பின்னால் மூன்று குட்டிகள், முதுகு நெடுகச் சாம்பல் நிற மயிர் சிலிர்த்துக்கொண்டு. கூட வந்த நண்பர் இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா என்று கேட்டார். வழிகாட்டி தலையசைத்து மறுத்தார். "இப்போது அதற்கு நம் நினைப்பு இல்லை. கிட்டே போனால் நம்மைத்தான் பார்க்கும்." சரியாகச் சொன்னார். அடுத்த நாற்பது நிமிடமும் அது எங்களைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. குட்டி ஒன்று தாயின் முதுகில் ஏறிச் சறுக்கியது. நான் கூரைத் திறப்பிலிருந்து இறங்கி, வண்டியின் தரையில் உட்கார்ந்து, மடித்த பக்கத் தடுப்பின்மேல் பீன் பேக்கை வைத்து எடுத்தேன். மேலிருந்து எடுத்த படங்களில் முதுகும் புல்லும்தான். கீழிருந்து எடுத்தவற்றில் தாயின் கண்ணுக்குப் பின்னால் அடிவானம் இருந்தது.

வண்டிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஆறாவது வண்டி தூரத்தில் தெரிந்ததும் எங்கள் வழிகாட்டி கேமராக்களை உள்ளே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளப்பினார். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் கூடாது என்பது மாராவின் விதி. அவர் அதை விதிக்காக மட்டும் செய்யவில்லை. மாராவில் சிவிங்கிகளைப் பற்றி 2018ல் வெளியான ஓர் ஆய்வின்படி, சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதிகளில் தாய்கள் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகளைத்தான் தனித்து வாழும் பருவம்வரை வளர்க்க முடிந்தது. வண்டிகள் குறைந்த பகுதிகளில் 2.3 குட்டிகள். பகலில் வேட்டையாடும் விலங்கு அது. சுற்றிலும் வண்டி நின்றால் வேட்டை கெடும், பிடித்த இரையையும் விட்டுவிட்டுப் போகும், குட்டிகள் பிரிந்து திசை தப்பும். அந்த 0.2 என்ற எண்ணைப் படித்த பிறகு "இன்னும் ஐந்தே நிமிடம்" என்று எந்த வழிகாட்டியிடமும் நான் கேட்டதில்லை.

வண்டிக்குள் நடந்துகொள்வது

உங்களுக்கு என்ன படம் வேண்டும் என்பதை முதல் நாள் மாலையே வழிகாட்டியிடம் உட்கார்ந்து பேசுங்கள். கைபேசியில் உங்கள் பழைய படங்கள் நாலைந்தைக் காட்டுங்கள். எண்ணிக்கைக்காக வரவில்லை, ஒரே விலங்கோடு மூன்று மணி நேரம் இருக்கவும் தயார் என்று சொல்லுங்கள். பெரும்பாலான பயணிகள் ஐந்து பெரிய விலங்கு (சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம்) என்று பட்டியலோடு வந்து அவரை விரட்டுவார்கள். காத்திருக்கத் தயார் என்று ஒருவர் சொன்னதும் அவர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டுவார்.

காட்டுகிறவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் சிங்கம் அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டால் எழுந்திருக்கப் போகிறது. கிளையில் இருக்கும் கழுகு முன்னே சாய்ந்து எச்சம் போட்டால் அடுத்த நொடி பறக்கும், அப்போதே விரல் பொத்தானில் இருக்க வேண்டும். பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) வட்டமிடாமல் நேராக இறங்கினால் கீழே இரை கிடக்கிறது. மரத்தில் காரணமில்லாமல் ஒரு கயிறு தொங்கினால் அது சிறுத்தையின் வால். நம் ஊர்ப் பனங்காடைக்கு அங்கே ஒரு உறவினர் உண்டு, நெஞ்சில் இளஊதா நிறத்தோடு. காய்ந்த குச்சி நுனியில் உட்கார்ந்து, பூச்சியைப் பிடித்துவிட்டு அதே குச்சிக்குத் திரும்பி வரும். குச்சியில் குவியம் வைத்துக் காத்திருந்தால் சிறகு விரித்துவரும் படம் கிடைக்கும்.

ரேடியோவில் சுவாஹிலி ஓடிக்கொண்டே இருக்கும். சிம்பா என்றால் சிங்கம், சுயி சிறுத்தை, டூமா சிவிங்கி, டெம்போ யானை, ட்விகா ஒட்டகச்சிவிங்கி, கிபோகோ நீர்யானை, ஃபிசி கழுதைப்புலி. இந்த ஏழு சொல் தெரிந்தாலே எங்கே போகிறோம் என்று புரியும். போலே போலே என்றால் மெல்ல மெல்ல. அசன்டே சானா என்றால் மிக்க நன்றி, அதை நாளுக்கு நாலு முறையாவது சொல்லுங்கள்.

வண்டி நின்றதும் ஆடாதீர்கள். பின்வரிசைக்காரர் 600 மி.மீ.யில் குறி பார்த்துக்கொண்டிருப்பார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கச் சொல்லுங்கள், அந்த அதிர்வு படத்தில் தெரியும். திடீரென்று எழுந்து நிற்பது, கை தட்டுவது, சீழ்க்கை அடிப்பது எதுவும் வேண்டாம். காப்பகத்துக்குள் தடத்தை விட்டு இறங்கி ஓட்டச் சொல்லி வழிகாட்டியை நச்சரிக்கக் கூடாது. பிடிபட்டால் அபராதம் அவருக்கு, பறிபோவது அவர் பிழைப்பு. இயற்கை அழைப்பு வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், முக்கியமாகப் பெண்கள். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு தலைவலியோடு திரும்புகிறவர்களைப் பார்க்கிறேன். சுற்றிலும் பார்த்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியின் மறைவில் இறங்கவைப்பது அவருக்கு அன்றாட வேலை.

பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும். தூரத்து விலங்கை எந்த லென்ஸில் எடுத்தாலும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும், லென்ஸ் பழுதோ என்று பயந்துவிடாதீர்கள். அந்த நேரத்துக்கு 24-105ஐ எடுங்கள். பெரிய மேகங்களின் கீழே சின்னதாக ஒரு யானைக் கூட்டம், வெட்டவெளியில் ஒற்றை மரம். முகத்தை மட்டும் நிறைத்த நூறு படங்களுக்கு நடுவில் மாரா எப்படிப்பட்ட மண் என்று காட்டப்போவது இவைதான். வரிக்குதிரைக் கூட்டம் ஓடும்போது ஷட்டர் வேகத்தை 1/40க்கு இறக்கிக் கூடவே கேமராவை இழுத்துப் பாருங்கள். ஐம்பதில் ஒன்றுதான் தேறும், ஆனால் அந்த ஒன்று நிற்கும்.

ஆற்றைக் கடக்கும் காட்சிக்குப் போனால் ஒரு நாள் முழுவதும் ஒதுக்குங்கள். கூட்டம் கரைக்கு வரும், தண்ணீரைப் பார்க்கும், திரும்பிப் போகும். முதல் விலங்கு இறங்கி வரிசை ஓடத் தொடங்கும்வரை வண்டிகள் கரையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். முந்திப்போய் வழியை அடைத்தால் விலங்குகள் செங்குத்தான கரைகளில் பாய்ந்து கால் ஒடிகின்றன. உங்கள் வழிகாட்டி பின்னால் நிற்கிறாரே என்று வருத்தப்படாதீர்கள், நல்ல ஆளிடம் வந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

மாசாய் மக்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. சிவப்புப் போர்வையும் மணிமாலையும் அழகுதான், ஆனால் சாலையோரம் மாடு மேய்க்கிறவர் காட்சிப் பொருள் இல்லை. வழிகாட்டி மூலம் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு சம்மதிப்பார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இரவும், ஊர் திரும்பிய பிறகும்

தினமும் இரவு மெமரி கார்டை இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் ஏற்றுங்கள். ஒன்றை ஒரு பையிலும் மற்றதை இன்னொரு பையிலும் வையுங்கள். கார்டை அழிக்காதீர்கள், பயணம் முடியும்வரைக்கும் போதுமான கார்டுகள் எடுத்துப் போவதே நல்லது. தூங்கும் முன் அன்று பார்த்ததை ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைத்தால், பிறகு படத்துக்குக் குறிப்பு எழுதும்போது எந்த ஆற்றங்கரை, எந்தக் கூட்டம் என்று தேட வேண்டாம்.

வழிகாட்டிக்கு அன்பளிப்பு தருவது வழக்கம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 டாலர் என்று கணக்கு வைத்துத் தனி உறையில் போட்டு, கிளம்பும் அன்று கையில் கொடுங்கள். கசங்கிய, கிழிந்த, பழைய டாலர் நோட்டுகளை அங்கே வாங்க மாட்டார்கள் என்பதால் புது நோட்டாகக் கொண்டுபோங்கள்.

காண்டாமிருகப் படங்களை வெளியிடும் முன் ஒன்று செய்ய வேண்டும். படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்குங்கள், எந்த ஓடைப் பக்கம் என்று எழுதவும் வேண்டாம். கொம்புக்காகக் கொல்கிறவர்களும் இணையத்தைப் பார்க்கிறார்கள். சிவிங்கிப் படங்கள் வேறு கதை. ஒவ்வொன்றின் புள்ளி அமைப்பும் வால் வளையமும் தனித்தனி, அவற்றை வைத்துத்தான் எது எது என்று அடையாளம் காண்கிறார்கள். பக்கவாட்டில் முழு உடலும் தெரிகிற படம், தேதி, நேரம் மூன்றையும் வழிகாட்டிக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் அவருக்கு உதவும்.

நான் புற்றின்மேல் எடுத்த படத்தை ஊர் வந்த வாரமே அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து ஒரு காலை அவரிடமிருந்து கைபேசியில் எடுத்த மங்கலான படம் ஒன்று வந்தது. தாலெக் ஆற்றுப் பக்கம் அதே தாய், கூடவே முதுகு மயிர் உதிர்ந்து வளர்ந்த இரண்டு குட்டிகள்.